முக்கால்

ஐந்து ரோட்டில் வாங்கினேன்,
விரல் அகலத்தில் இரண்டு பச்சைப் பட்டைகள்.
ஒவ்வொன்றும் நாலு ஜிபி.
பணம் கம்பெனியுடையது,
பில்லில் கையெழுத்து என்னுடையது,
பயமும்.

ஆத்தூர் ரோட்டில் எங்கள் எடைமேடை.
சேகோ ஆலைக்குப் போகிற குச்சிக்கிழங்கு லாரிகள்
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் வரிசை கட்டும்.
கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள்
டிரைவர்கள் இரண்டு டீ குடித்துவிட்டு
மூன்றாவதை ஊதியபடி என்னைத் திட்டுவார்கள்.
அதற்குப் பதினாறு வயது.
எடைக்கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்
ஓசூர் போய் நம்பரை மாற்றிக்கொண்டார்.
பழைய விண்டோஸில்தான் அது ஓடும்.
புதிதைப் போட்டால் மேடையோடு பேசாது.

முதலாளி சபாபதி கேட்டார்:
"மெமரி ஏத்திட்டா
போன வருசத்துப் பாக்கியெல்லாம் ஞாபகம் வெச்சுக்குமா?"
இது அந்த ஞாபகம் இல்லைங்க,
கரண்ட் போனால் கூடவே போய்விடுகிற ஞாபகம்.
"அப்ப அது எதுக்கு?"
நான் பதில் யோசிப்பதற்குள்
கரண்ட் போனது.

செவ்வாப்பேட்டையிலிருந்து தில்ஷாத் வந்தாள்.
கழற்றிய திருகுகளைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூடியைத் தூக்கினாள்.
உள்ளே கிழங்கு மாவு,
ஒரு பல்லி முட்டை,
விசிறியில் சுற்றிக்கொண்ட யாருடையதோ நீள முடி.
என்னுடையதுதான்.

இரண்டு பட்டையையும் செருகினால்
திரை கறுப்பு. மூன்று நீளமான பீப்.
"நாலுக்கு மேல இந்த போர்டுக்குக் கண்ணு தெரியாதுக்கா."
ஒன்றை உருவினாள்.
விழித்தது.
எண்ணிச் சொன்னது: 3.25.

மிச்சம் முக்கால் எங்கே?
நான் எடை போடுகிறவள்.
முக்கால் டன் குறைந்தால்
காட்டுக்காரர் கேட்டை மறித்து உட்கார்ந்துவிடுவார்.

"தொலையலக்கா, உள்ளேயேதான் இருக்கு.
கதவு நம்பர் தீர்ந்துபோச்சு."
பழைய விண்டோஸிடம் இருப்பது முப்பத்திரண்டு இலக்கம்,
அதற்குள் எழுத முடிகிற எண்கள் அவ்வளவுதானாம்.
திரைக்கு இத்தனை, மற்ற கருவிகளுக்கு இத்தனை என்று
கொஞ்சம் எண்களை முன்கூட்டியே ஒதுக்கியாகிவிட்டது.
மிச்ச வீடுகளில் விளக்கு எரிகிறது,
தபால்காரருக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது.

அம்மாபேட்டையில் என் வீட்டுக்குப்
பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று,
சாக்கடை தோண்ட வந்தவர்கள்
சுண்ணாம்பில் கிறுக்கிய எண் ஒன்று.
மூன்றையும் சொன்னாலும் கேஸ் சிலிண்டர்
பக்கத்துத் தெருவுக்குத்தான் போகிறது.
இங்கே எண் இருந்து வீடு கிடைப்பதில்லை,
அங்கே வீடு இருந்து எண் இல்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் பல்லி முட்டையை ஓரமாக வைக்க
காகிதம் தேடிக்கொண்டிருந்தாள்.

கடையில் திருப்பி எடுக்கவில்லை.
"கவர் கிழிஞ்சிருச்சே மேடம்."
கிழித்தால்தானே தெரியும் என்றேன்.
அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு
அர்த்தனாரி பன்னிரண்டு சக்கர வண்டியை ஏற்றினான்.
முப்பது டன் மேடை அது.
டிஸ்பிளேயில் வெறும் கோடுகள்.
"முன் சக்கரம் ஒரு தடவை,
பின் சக்கரம் ஒரு தடவை போட்டுக் கூட்டும்மா."
அது செல்லாது, சீட்டு தர முடியாது என்றேன்.
"சீட்டு யாரு கேட்டா?
என்ன சுமக்கிறேன்னு எனக்குத் தெரியணும்."

போட்டேன்.
பழைய சீட்டின் பின்பக்கம்
பேனாவால் கூட்டினேன்.
முப்பத்தி மூணே முக்கால்.
அவன் விசில் அடித்தான்.

பிறகுதான் கவனித்தான்:
"இன்னிக்கு மிஷின் சீக்கிரம் எந்திரிச்சிருச்சு போல?"
ஆமாம், ஒரு டீக்குள்.

இரண்டாவது பட்டை என் மேஜை டிராயரில்,
ரப்பர் ஸ்டாம்புக்கும் மிளகு மிட்டாய்க்கும் நடுவே.
சில்லறை தேடும்போது கையில் தட்டுப்படும்.
நாலு ஜிபி.
இதுவரை அதற்கு
ஒன்றும் மறக்க நேர்ந்ததில்லை.